அகழிப் பக்கத்து யன்னல்

மற்ற வீடுகளில் ராசா ராணிக் கதை சொல்லித்தான் பிள்ளைகளுக்குச் சோறு தீத்துவார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சிரமம் இருக்கவில்லை. என் கணவரே ஒரு கோட்டையில் வாழ்ந்தவர். ஜெர்மனியில், காட்டுக்கு நடுவே, அகழியும் கோபுரமும் உள்ள அசல் கோட்டை. அதன் சொந்தக்காரரான பிரபு ஒவ்வொரு காலையும் நாயோடு உலாத்த வரும்போது இவரைக் கண்டால் தொப்பியைத் தூக்குவாராம். இவர் பதிலுக்குக் கைகூப்பி வணக்கம் சொல்வாராம். பிரபுவின் குளத்தில் கட்டில் விரிப்பால் மீன் பிடித்து, யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுக் குழம்பு வைத்து, பிரபுவுக்கே ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்களாம். அந்த மனிதர் கண்ணில் நீர் வடிய வடிய வழித்துச் சாப்பிட்டாராம். இதைச் சொல்லும்போது என் கணவர் பிரபுவாகவே மாறி மூக்கைச் சிந்திக் காட்டுவார். மகளும் மகனும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

உண்மையில் அது ஓர் அகதி முகாம். கனடாவுக்கு வருவதற்கு முன் சில ஆண்டுகள் அவர் ஜெர்மனியில் அகதியாக இருந்தார். கூரை திருத்தக்கூட வசதியில்லாமல் போன பிரபு குடும்பம் கோட்டையை அரசாங்கத்துக்கு வாடகைக்கு விட்டது. அரசாங்கம் அதில் பல நாட்டு அகதிகளையும் கொண்டுபோய் வைத்தது. அங்குள்ள நம்மவர்கள் அப்படிப்பட்ட இடத்தை ‘ஹைம்’ என்பார்கள். இவ்வளவும் கலியாணம் பேசும்போதே எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளைகளின் காதில் அந்தச் சொல் விழ அவர் விடவில்லை. கோட்டை என்றால் கோட்டைதான். நானும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். நான் மட்டக்களப்புக்காரி. எங்கள் ஊரிலும் ஒரு கோட்டை இருக்கிறது. அதற்குள் கச்சேரி என்று அரசாங்க அலுவலகம் நடத்தினார்கள், நாங்கள் காணி அலுவலுக்குப் போய் வரிசையில் நின்றோம். கோட்டை என்றதும் வாயைப் பிளக்கிற ஆள் நான் இல்லை.

அவரிடம் சில பழக்கங்கள் இருந்தன. கனடாவுக்கு வந்து டோர்செட் பார்க்கில் வாடகைக்கு இருந்த காலத்தில் இரண்டாம் மாடிக்கு மேலே போகவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பிறகு மில்லிக்கனில் வீடு பார்க்கப் போனபோது, வீடு காட்ட வந்த பெண் குசினியின் அடுப்பையும் அலமாரியையும் பற்றி அளந்துகொண்டிருக்க, இவர் பேஸ்மென்ட் யன்னலைத் திறந்து அதற்குள்ளால் உடம்பு போகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கார் எப்போதும் தெருவைப் பார்த்தபடிதான் நிற்கும். கொண்டாட்டங்களுக்குப் போனால் கதிரையில் இருக்கமாட்டார். குசினிக் கதவடியிலேயே, பலகாரத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நிற்பார். “உவர் ரோல்ஸுக்குக் காவல்” என்று சனம் பகிடி பண்ணும். நானும் சேர்ந்துதான் பண்ணினேன். அவரும் சிரித்துக்கொண்டு கையில் ஒரு ரோல்ஸை எடுத்துக் காட்டுவார்.

இந்தப் பெப்ரவரியில் அவருக்கு அறுபது வயது. கோயிலில் ஒரு அருச்சனை செய்துவிட்டு வீட்டில் பாயாசம் வைப்பதுதான் என் எண்ணம். மகள் கேட்டால்தானே. இந்த நகரத்தில் நம்மவர்கள் எதைக் கொண்டாடினாலும் அதற்கொரு தோற்றம் வேண்டும். ஒரு வீட்டுப் பிறந்தநாளுக்குக் கடலடி, இன்னொரு வீட்டுக்குத் தாஜ்மகால். மகள் அப்பாவுக்குக் கோட்டை என்று முடிவெடுத்துவிட்டாள். அதுவும் வெறும் கோட்டை இல்லை, அப்பாவின் கோட்டை. இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தே விட்டாள்.

“அம்மா, இது இப்ப ஹொட்டேல். பீப்பிள் கெட் மேரிட் தெயர்! அப்பாக்குச் சொல்லாதேங்கோ, ஓகே? சர்ப்ரைஸ்,” என்று கைப்பேசியை என் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

சாம்பல் நிறக் கல்லில் நீளமான கட்டடம், ஒரு மூலையில் வட்டக் கோபுரம், கீழே அகழி, பின்னால் காடு. அழகாகத்தான் இருந்தது. கோட்டையின் வரலாறு என்று ஒரு பக்கம் இருக்க, அதை மகள் எனக்கு வாசித்துக் காட்டினாள். முதல் பிரபு வணிகர்கள் போகும் பாதையைக் காவல் செய்து வரி வாங்கியவராம். பாதையைக் காவல் செய்து வரி வாங்கியவர்களை ஊரில் யுத்த காலத்தில் நானும் கண்டிருக்கிறேன், அதனால் அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று எனக்கு உடனே விளங்கியது. அவர் வழியில் வந்த ஒருவர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கிராமத்திலிருந்து வாசல் வரைக்கும் இரு பக்கமும் மரம் நட்டார். சிறிய தேவாலயத்துக்குக் கீழே நிலவறையில் பரம்பரை பரம்பரையாக அந்தக் குடும்பத்தார் கல்பெட்டிகளில் படுத்திருக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் காயப்பட்ட படையாட்களுக்கு அது ஆசுப்பத்திரி. யுத்தம் முடிந்ததும் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மன்காரர்களே அங்கே வந்து, அறைகளைப் போர்வையால் மறித்துக் குடும்பம் நடத்தினார்கள். அதற்குப் பிறகு, ‘சில காலம் பொதுத் தேவைகளுக்குப் பயன்பட்டது’ என்று ஒரே ஒரு வரி. அடுத்த வரியில் ஹொட்டேல் வந்துவிட்டது.

“அப்பா இருந்த டைம் பற்றி ஒண்டுமே இல்லை. வியர்ட்,” என்றாள் மகள்.

இரண்டொரு நாள் கழித்து பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. என் கணவரோடு அந்தக் கோட்டையில் ஒரே அறையில் இருந்தவர் அங்கேதான் குடியிருக்கிறார். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். கொண்டாட்டத்தில் மைக்கைப் பிடித்து ஒரு கோட்டைக் கதை சொல்லும்படி மகள் அவரைக் கேட்டிருந்தாள்.

“தங்கச்சி, அவன் மண்டபத்துக்குள்ள வரேக்க லைட்டை நூத்துப்போட்டுப் புகை அடிச்சு எல்லாரும் ஒண்டாக் கத்தப் போயினமாம். உது உங்களுக்குத் தெரியுமோ?”

“தெரியும் அண்ணை. அதுக்கென்ன?”

“அப்ப அவன் உங்களுக்கும் சொல்லேல்லை,” என்றார்.

நான் பேஸ்மென்டுக்குப் போகும் படியில் இருந்துகொண்டேன். மேலே என் கணவர் தொலைக்காட்சி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அது நடந்தது இலையுதிர் காலத்தில் என்று அண்ணை சொல்லத் தொடங்கினார். மீன் பிடிப்பதற்காகக் குளத்தையும் அகழியையும் வடியவிட்டிருந்தார்கள். அகழியில் வெறும் சேறுதான். கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் பொழுதுபட்டதும் பெரிய வாசலைப் பூட்டித் திறப்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோய்விடுவது வழக்கம். ஏன் பூட்டுகிறார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அன்றைக்கு அண்ணை அடுப்பில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது வெளியே ஆட்கள் பாட்டுப் பாடும் சத்தம் கேட்டது. கிராமத்தில் ஏதோ திருவிழா என்று நினைத்தார்களாம். பிறகு கண்ணாடி உடைந்தது. வெளிநாட்டாரைத் துரத்த வந்த கூட்டம் எறிந்த பெற்றோல் போத்தல்கள். கீழ் மாடியில் மரப்படி பற்றிக்கொண்டது, மின்சாரம் நின்றது, புகை மேலே ஏறியது. பூட்டின வாசலுக்கு வெளியே அவர்கள் நின்று கதவை உதைத்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு வெளியே போகவும் பயம், உள்ளே நிற்கவும் பயம்.

அகழிப் பக்கம் யன்னல் உள்ள அறை இவர்களுடையது. எல்லாரும் அதற்குள் வந்து அடைந்தார்கள். என் கணவர் கதிரையால் யன்னலை அடித்து உடைத்து, மெத்தைகளைக் கீழே போட்டு, ஒவ்வொருவராகக் குதிக்கச் சொன்னார். கடைசியாகக் குதித்தது அவர்தான். அதற்குள் மெத்தைகள் அங்கும் இங்கும் விலகிவிட்டன. இடுப்பு வரைக்கும் சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்டார்.

“அக்கரையில டோர்ச் லைட்டோட நிண்டவங்கள், தங்கச்சி. இவன்ர மூஞ்சைக்கு அடிச்சுப் பாத்திட்டுச் சிரிச்சவங்கள். சேத்துக்குள்ள பண்டி நிக்குது எண்டு சொல்லிச் சிரிச்சவங்கள். அப்ப இவனுக்கு அந்தப் பாசை நல்லா விளங்கும். நெருப்பணைக்கிற வண்டி வருமட்டும் நிண்டு சிரிச்சவங்கள்.”

“அந்தப் பிரபு?”

“வாசலடியிலதானே அந்தாளின்ர வீடு. கூப்பிடு தூரம். தொடங்கேக்க லைட் எரிஞ்சது. பிறகு நூந்திட்டுது. அடுத்த நாள் காலமை ஒண்டுமே நடக்காத மாதிரி நாயோட வந்து தொப்பியைத் தூக்கினவர்.”

“இவர் என்ன செய்தவர்?”

“கும்பிட்டவன். பயத்தில.”

அந்த மீன்குழம்பு? என்று கேட்டேன். பிரபு ஒருநாளும் இவர்களின் அறைப் பக்கம் வந்ததே இல்லையாம். “நெருப்பை அவன் மறந்தாலும் மறப்பான். அந்தச் சிரிப்பைத்தான் அவனால ஏலாது. கன காலம் ஆராவது பக்கத்தில நிண்டு சிரிச்சாலே நடுங்குவான். பிறகுதான், தானே முந்திக்கொண்டு ஆக்களைச் சிரிக்க வைக்கப் பழகினவன்,” என்றார் அண்ணை. கடைசியாக இன்னொன்றும் சொன்னார். மகள் பிறந்த அன்று என் கணவர் இவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். “பிள்ளையளுக்கு இது தெரியக்கூடாது. அதுகளாவது பயமில்லாமல் வளரட்டும்.”

மேலே போனால் அவர் அதே இடத்தில், அதே சிரிப்போடு இருந்தார். எத்தனையோ வருடம் பக்கத்தில் படுத்த மனிதர். என்னைக் கண்டதும், “என்னப்பா, பேயைக் கண்ட மாதிரி வாறீர்?” என்றார். நான் குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் முழுக்கப் பயம்தான். போன வருடம்தான் அவருடைய நெஞ்சுக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இருட்டுக்குள் புகையும் கூச்சலும் சேர்ந்து அடித்தால் அந்த நெஞ்சு என்னவாகும் என்று நினைத்தாலே எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் நின்றுவிடும். ஆனால் அவர் ஆயுள் முழுக்கக் கட்டிக் காத்ததை நானே உடைத்ததாகிவிடும். எங்கள் ஊர் வழக்கப்படி மகளை ‘மனே’ என்று கூப்பிட்டு, சுற்றிவளைத்துத்தான் பேசிப் பார்த்தேன்.

“மனே, அந்தப் புகையை விட்டிடு. அப்பாக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கெல்லா.”

“அம்மா, அது டிரை ஐஸ். டோட்டலி சேஃப்.”

“லைட்டையாவது எரிய விடுங்க.”

“லைட் எரிஞ்சா அது எப்பிடியம்மா சர்ப்ரைஸ்? யூ வொரி டூ மச்.” என் கன்னத்தில் கொஞ்சிவிட்டுப் போய்விட்டாள். பயம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை. அப்படித்தான் வளர்த்திருக்கிறார்.

கொண்டாட்டம் வைத்திருந்த சனிக்கிழமை பின்னேரம், யாருடையோ பிள்ளையின் பிறந்தநாள் என்று சொல்லி அவரை மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வழக்கம்போல் காரைப் பின்னுக்கு எடுத்துத் தெருவைப் பார்க்க நிறுத்தினார். கதவைத் திறக்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“இஞ்சேருங்க. உள்ளுக்க இருட்டாக்கி வெச்சிருக்குதுகள். உங்கட பிறந்தநாள்தான். போனதும் கத்துவினம், புகை வரும். கோட்டை மாதிரி வாசல் கட்டியிருக்கினம்.”

“எந்தக் கோட்டை?”

“உங்கட கோட்டைதான். அண்ணை எனக்கு எல்லாம் சொல்லிப்போட்டார்.”

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே இருந்தார். கண்ணாடியில் பனி விழுந்து உருகி வழிந்தது.

“பிள்ளையளுக்கு?”

“தெரியாது.”

“எத்தினை வாசல்?”

அதைக் கேட்பார் என்று எனக்குத் தெரியும். முதல்நாளே போய்ப் பார்த்து வைத்திருந்தேன். “முன்னுக்கு ஒண்டு, குசினிக்குள்ளால ஒண்டு, மேடைக்குப் பின்னால ஒண்டு. வேணாமெண்டா வீட்ட போயிடுவம். நான் நெஞ்சு நோகுதெண்டு சொல்லுறன்.”

“அதுகள் ஆசையாச் செய்திருக்குதுகள். வாரும்,” என்று இறங்கினார்.

மட்டையால் செய்து கல் நிறம் பூசிய பெரிய வாசல். அதற்கு மேலே அந்தக் குடும்பத்தின் சின்னத்தைக்கூட விடாமல் ஒட்டியிருந்தார்கள். உள்ளே மை இருட்டு. அத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்கே தெரிந்தது. அவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. ஒரு காலை உள்ளே வைத்தார். புகை குபுக்கென்று எழும்பியது, ஆட்கள் கத்தினார்கள், இரண்டு பக்கமும் வாணம் சீறியது. என் விரல்கள் முறிந்துவிடும் என்று நினைத்தேன். வெளிச்சம் வந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் பல். கழுத்தடியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேடையைக் கண்டேன். மேடையின் பின்சுவர் முழுவதும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை, துணியில் அச்சடித்த கோட்டை தொங்கியது. நான் முதல்நாள் பார்த்து வைத்த கதவு அதற்குப் பின்னால் போய்விட்டது. சாப்பாட்டு மேசைகளையும் குசினிக் கதவை மறித்துப் போட்டிருந்தார்கள். அவருடைய கண் ஒரு வாசலிலிருந்து மற்ற வாசலுக்குப் போவதைப் பார்த்தேன். கடைசியில் அந்தக் கண் என்னிடம் வந்து நின்றது. நான் கைத்தொலைவில்தான் இருந்தேன், ஆனால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மகள் மேடையில் ஏறிக் கோட்டையின் வரலாற்றைப் படங்களோடு சொன்னாள். மரச்சோலைப் பாதை, நிலவறை, ஆசுப்பத்திரிக் காலம். நிலவறையில் இப்போது வைன் பரிமாறுகிறார்களாம். சனம் கைதட்டியது. முன் வரிசையில் அண்ணை தலையைக் குனிந்தபடி இருந்தார். அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டாள். அவர் ஏறினார். நான் மேடைப் படியடியில் நின்றேன்.

“ஓகே அப்பா. எது உங்கட யன்னல்? காட்டுங்கோ!”

அவர் துணிப் பக்கம் திரும்பினார். தேடவே இல்லை. நேராகப் போய், கையை உயர்த்தி, அகழிக்கு மேலே இருந்த ஒரு யன்னலைத் தொட்டார்.

“உதுதான். உதுக்குள்ளாலதான் குதிச்சனான்.”

மண்டபமே வெடித்துச் சிரித்தது. அவர் கோட்டையைப் பற்றிச் சொன்னால் சிரிப்பதுதானே வழக்கம். “ஆரின்ர பெட்டையைப் பாக்கப் போனனீர்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, இன்னும் பெரிய சிரிப்பு. ஒருவர் விசிலடித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. மேடை வெளிச்சம் நேராக அவருடைய முகத்தில் அடித்தது. முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கை துணியை விடவில்லை. கை நடுங்க, துணி நடுங்கியது. கோபுரமும் கூரையும் யன்னல்களுமாகக் கோட்டை முழுவதும் ஆடியது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் ஏறினேன்.

மகள் எனக்கு முன்னமே கண்டுவிட்டாள். “அப்பா?” என்றாள். பிறகு மைக்கில், “சிரிக்காதேங்கோ,” என்றாள். ஒருவருக்கும் கேட்கவில்லை. “ஸ்டொப் லாஃபிங்! எல்லாரும் ஸ்டொப்!”

மண்டபம் அடங்கியது.

“ஏன் குதிச்சனீங்கள் அப்பா?”

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

“கீழ நெருப்பு வச்சிட்டாங்கள், பிள்ளை.”

“ஆர்?”

“கீழ நிண்டு சிரிச்சவங்கள்.”

என் மகளின் முகத்தில் பயத்தை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். அவள் பிறந்த நாளிலிருந்து வராமல் அவர் தடுத்து வைத்திருந்த பயம். அது வந்து நிறைந்ததை அவரும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய வாய் கோணியது. “ஒண்டுமில்லையம்மா, அது பழங்கதை,” என்று சொல்லி இன்னொரு பகிடி விடத் தொடங்கினார். மகள் கேட்கவில்லை. மைக்கைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் அந்தத் துணியைப் பிடித்து இழுத்தாள். மேலே கட்டியிருந்த கம்பியோடு சேர்ந்து கோட்டை சரிந்து மேடையில் விழுந்தது. அவள் அதன் மேலே மிதித்து ஏறிப்போய்ப் பின்கதவைத் தள்ளித் திறந்தாள். பிறகு திரும்பி வந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

“வாசல் இஞ்ச இருக்கு அப்பா. லுக். திறந்திருக்கு.”

பனிக்காற்று உள்ளே அடித்தது. முன் வரிசைப் பெண்கள் பட்டுச் சேலைக்கு மேலே பனிக்காலக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டார்கள். சாப்பாடு ஆறிப்போனது. என் கணவர் அந்தத் திறந்த கதவைப் பார்த்தபடி, தட்டுத் தடுமாறி, தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் கதவைச் சாத்துங்கோ என்று ஒருவரும் சொல்லவில்லை.